ஜாக்கியில் நின்ற காற்று

ஓசூர் தொழிற்பேட்டையின் கடைசி வரிசையில் ஒரு தகரக் கொட்டகை. பஸ் நிறுத்தத்திலிருந்து அறுநூற்று நாற்பது காலடி, தினமும் எண்ணிக்கொண்டே நடப்பேன். ஆலையில் தர ஆய்வாளராக இருந்து ஓய்வுபெற்றபின் பதினோரு ஆண்டுகள் அங்கே போய்வந்தேன். விமானத்தைத் தூக்கி நிறுத்தும் ஜாக்கிகளைப் பழுதுபார்க்கும் இடம் அது. மூன்று கால்கள், நடுவில் எண்ணெய் உருளை, அதிலிருந்து ஏறி இறங்கும் தண்டு, தண்டு விழாமல் தாங்க ஒரு லாக் நட்டு, பக்கத்தில் கைப்பம்ப். இறக்கைக்கு ஒன்றாக இரண்டு, மூக்குக்கு ஒன்று. மூன்றும் சேர்ந்து ஒரு சிறிய விமானத்தைத் தரையிலிருந்து எழுப்பிவிடும்.

எண்ணெய் கசியாமல் தடுக்கும் ரப்பர் சீல் மாற்றிய ஜாக்கிக்குள் காற்று புகுந்திருக்கும். எண்ணெய் அமுங்காது, காற்று அமுங்கும். காற்று தங்கிவிட்ட ஜாக்கி பாரத்தோடு சீராக இறங்காது. சட்டென்று விழும், நிற்கும், மறுபடி விழும். மற்ற இரண்டும் ஒழுங்காக இறங்க இது மட்டும் குதித்தால் விமானம் ஒரு பக்கம் சாயும். அதன் அடியில் ஆள் இருப்பான்.

ஆகவே ஏர் எடுக்க வேண்டும். உருளையின் தலையிலுள்ள திருகை அரைச் சுற்று தளர்த்தி பம்பை மெதுவாக அடித்தால், கெலவரப்பள்ளி அணை மதகில் பொங்குவது மாதிரி வெள்ளை நுரை வரும். நுரை அடங்கி எண்ணெய் தெளிந்ததும் திருகை இறுக்கி, தண்டை முழுக்க இறக்கி, குறைந்த எண்ணெயை ஊற்ற வேண்டும். தண்டு மேலே நிற்கும்போது ஊற்றக் கூடாது. பிறகு மறுபடி முதலிலிருந்து. பெரும்பாலும் மூன்று முறை, சிலவற்றுக்கு ஐந்து.

போதுமா என்பதைக் கண் சொல்லாது, எண்ணிக்கைதான் சொல்லும். காற்றில்லாத ஜாக்கியின் தண்டு முழுக்க ஏற எத்தனை தடவை பம்ப் அடிக்க வேண்டுமோ, அந்த எண்ணை அதன் காலில் சிவப்புப் பெயின்டால் எழுதிவைப்பது எங்கள் கொட்டகை வழக்கம். தொண்ணூறு என்று எழுதியிருந்தால் தொண்ணூறில் ஏற வேண்டும். காற்று இருந்தால் தொண்ணூற்றைந்து ஆகும், நூறும் ஆகும். பம்ப் அடிப்பவர் பாய். கிருஷ்ணகிரிக்காரர், ஐம்பத்து நான்கு வயது. எண்ணுபவன் நான். எண் சரியாக வந்தால் கையெழுத்துப் போடுவேன். ஜாக்கி விமானக் கொட்டகைக்குப் போய்விடும்.

போன தீபாவளிக்குப் பிறகு, பாய் பத்து அடிக்கு ஒருமுறை தரையில் சாக்பீஸால் ஒரு கோடு, கடைசியில் மிஞ்சும் அடிகளுக்குப் புள்ளிகள் என்று போட ஆரம்பித்தார்.

“என்ன பாய், நான் ஒருத்தன் எண்ணறது பத்தலியா?”

“எடது கை சும்மா இருக்குது சார். அதுக்கும் சேத்துதான சம்பளம் குடுக்கறாங்க.”

எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் தடுக்கவும் இல்லை.

ஆனி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை. தண்டு முழுக்க ஏறியது. “தொண்ணூறு. சரி,” என்று பேனாவைத் திறந்தேன். பாய் பம்பின் கைப்பிடியை விடவில்லை.

“இன்னொரு வாட்டி ஏர் எடுத்துடலாம் சார்.”

“எதுக்கு? தொண்ணூறு வந்துட்டுதே.”

அவர் தரையைப் பார்த்தார். ஒன்பது கோடுகள். பக்கத்தில் ஐந்து புள்ளிகள்.

“நீங்க தப்பாப் போட்டுட்டீங்க பாய்.”

“இருக்கலாம் சார். தெறந்து பாப்போம். நுரை வரலன்னா என் கோடுதான் தப்பு.”

திறந்தார். நுரை வந்தது.

பேனாவை மூடினேன். எத்தனை நாளாக இப்படி என்று கேட்டேன்.

“தீவாளியிலருந்து. தெனமும் இல்ல சார். சில நாள் கரெக்டா சொல்றீங்க. சில நாள் நாலஞ்சு வுட்டுடறீங்க. நீங்க டீக்குப் போனதும் நான் இன்னொரு வாட்டி எடுத்து வெச்சுடுவேன்.”

“ஏன் எங்கிட்ட சொல்லல?”

“சொன்னா மறுநா வருவீங்களா?”

டீக்கு நான் எடுப்பது இருபது நிமிடம். அத்தனை நாளும் அந்த இருபது நிமிடத்துக்குள் என் கையெழுத்தை அவர் உண்மையாக்கிக்கொண்டிருந்திருக்கிறார். அவமானமாக இருந்தது. அதைவிடப் பெரிய பயம் ஒன்று பின்னாலேயே வந்தது. வைகாசியில் மாங்காய் சீசன் என்று அண்ணன் மண்டிக்கு உதவ பாய் ஒன்பது நாள் லீவு போட்டிருந்தார். வேறொரு ஆள் பம்ப் அடித்தான். கோடு இல்லை. நான் மட்டும் எண்ணினேன்.

பதிவேட்டைப் புரட்டினேன். அந்த ஒன்பது நாளில் வெளியே போனது ஒரு ஜாக்கி. காலில் எழுதிய எண் எண்பத்து நான்கு. கீழே என் கையெழுத்து.

விமானக் கொட்டகை மேற்பார்வையாளருக்குப் போன் செய்தேன்.

“கால்ல எம்பத்து நாலுன்னு எழுதின ஜாக்கி இப்ப எங்க சார் இருக்குது?”

“ரைட் விங்குக்குக் கீழதான் நிக்குது. ஏன் சார்?”

“அதுல காத்து இருக்கலாம். லாக் நட்டு இறுக்கியிருக்கான்னு பாருங்க. எறக்கும்போது நட்டை ஒட்டவெச்சே கொஞ்சங் கொஞ்சமா எறக்குங்க. அடியில யாரும் போவ வேணாம்.”

“நீங்கதான சார் கையெழுத்து போட்டிருக்கீங்க?”

“நான்தான். என் எண்ணிக்கை மேல எனக்கு நம்பிக்கை இல்ல.”

“இன்னிக்கு மத்தியானம் எறக்கறதா இருந்தோம்,” என்றார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம்.

அன்று திரும்பும்போது அறுநூற்றுப் பதினேழு காலடியிலேயே பஸ் நிறுத்தம் வந்துவிட்டது.

விமானம் ஜாக்கிகளிலிருந்து பத்திரமாக இறங்கியது. இரண்டு நாள் கழித்து ஜாக்கி வேனில் வந்தது. மேற்பார்வையாளர் ஒரு துண்டுச் சீட்டு கட்டியிருந்தார்: ‘இறங்கும்போது இரண்டு இடத்தில் குதித்தது.’

நான் ஸ்டூலில் உட்கார்ந்தேன். பாய் அடிக்க ஆரம்பித்தார். இந்த முறை எதையும் தவறவிடக் கூடாதென்று கைப்பிடியையே பார்த்துக்கொண்டிருந்தேன். இமைக்கக்கூட இல்லை என்றுதான் நினைக்கிறேன். தண்டு முழுக்க ஏறி நின்றது. தரையைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

“எத்தன சார் எண்ணினீங்க?” என்றார் பாய்.

“எம்பத்து நாலு.”

அவர் தரை தெரியும்படி சற்று நகர்ந்துகொண்டார். எட்டுக் கோடுகள், ஒன்பது புள்ளிகள். தவறிய ஐந்தும் எங்கே போயின என்று எனக்குத் தெரியவில்லை. காலில் எழுதியிருக்கும் எண்ணுக்கே என் மனம் போய்ச் சேர்ந்துவிடுகிறது. வழியில் எதை விழுங்குகிறது என்று அது என்னிடம் சொல்வதில்லை.

பாய் திருகைத் தளர்த்தினார். நுரை பொங்கி உருளையின் பக்கவாட்டில் வழிந்தது. அது அடங்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு பேனாவைப் பதிவேட்டின் நடுவில் வைத்து, அவர் பக்கம் நகர்த்தினேன்.