சுவரில் நின்ற நிறைகள்

அந்த ஆய்வு நிலையத்தில் அவரை எல்லாரும் ‘பூச்சியம்’ என்றே அழைத்தனர். இகழ்ச்சியாக அன்று; எந்தக் கணக்கையும் இறுதியில் கூட்டிப் பார்த்து, பூச்சியம் வந்தால்தான் கையெழுத்திடுவார். ஒன்பது ஆண்டுகளாக ஒப்பந்தக் கணிப்பாளர். அவருடைய மேசையில் பென்சிலைவிட அழிப்பானே விரைவாகத் தேய்ந்தது.

கணவர் பேருந்து ஓட்டுநர். “பிரபஞ்சமே விரியுதாம். உன் வேலை மட்டும் நிறுத்தத்துல நின்ன வண்டி மாதிரி அங்கேயே நிக்குது” என்று உண்ணும்போது சீண்டுவார்.

“நீங்க நிறுத்தத்துல வண்டியையே நிறுத்த மாட்டேங்கிறீங்கன்னு ஊரே திட்டுது. பேச வந்துட்டாரு!”

அந்தக் கணிப்பாளரின் வேலை இதுதான். விரியும் பிரபஞ்சத்தில் பொருள் எங்கும் சமமாகப் பரவியிருப்பதாகக் கொண்டால் கணக்கு எளிது. உண்மையிலோ, அது விண்மீன் கூட்டங்கள் போன்ற தனித்தனி நிறைகளாக இடைவெளி விட்டுக் கிடக்கிறது. ஒவ்வொரு நிறையும் தன்னைச் சுற்றிய காலவெளியைச் சற்றே குழியச் செய்கிறது. வெறுமையான இடங்களில் அது சற்றே மேடாகிறது. பொருள் சமமாகப் பரவியிருந்தால் ஏற்படும் விளைவு விரிவுக் கணக்கிலேயே சேர்ந்துவிட்டதால், குழிகளும் மேடுகளும் ஒன்றையொன்று ஈடுசெய்து, மொத்தம் பூச்சியமாக வேண்டும்; அதைச் சரிபார்ப்பதே அவர் பணி.

முழுப் பிரபஞ்சத்தையும் கணினியில் அடக்க இயலாது. ஒரு கனசதுரப் பெட்டியளவே எடுத்துக்கொள்வர். அதன் வலச் சுவரைக் கடந்த பொருள் இடச் சுவர் வழியே உள்ளே வரும். அதாவது, எதிரெதிர்ச் சுவர்கள் இரண்டும் ஒரே சுவர்.

அவ்வாண்டு நிலைய இயக்குநர், நிறைகளை வரிசை வரிசையாக அடுக்கி, நம்மவரின் நிரலால் கணித்து ஒரு கட்டுரை எழுதினார். அது ஆய்விதழுக்குச் செல்ல ஒரு நாளே இருந்தது. நம்மவரின் நிரந்தரப் பணி ஆணையும் இயக்குநரின் மேசையில் கையெழுத்துக்குக் காத்திருந்தது. அன்று காலையில் நம்மவர் கூட்டிப் பார்த்தார். பூச்சியம் வரவில்லை. மூன்று முறை கூட்டியும் வரவில்லை.

பக்கத்து இருக்கைத் தோழி எட்டிப் பார்த்தார். “மிஞ்சுறதை மொத்தத்துல கழிச்சு விட்டுடுக்கா. யாரு கேக்கப் போறா?”

“நான் கேப்பேனே.”

“ஆமா, பெரிய நீதிபதி! ஆணை கைக்கு வர்ற நேரத்துலயா வம்பை விலைக்கு வாங்குவ?”

பிற்பகலில் பிழை அகப்பட்டது. சுவரின்மேல் துல்லியமாக நின்ற நிறைகளை நம்மவர் எழுதிய நிரல் வலப்புறம் ஒருமுறை, இடப்புறம் ஒருமுறை என இருமுறை எண்ணியிருந்தது. மூன்றாண்டுகளுக்கு முன் வெளிவந்த கட்டுரைக்கும் இதே நிரல்தான். அப்போது சுவரில் இரண்டே நிறைகள்; இம்முறையோ வரிசைகளே சுவரின்மேல் விழுந்திருந்தன. அன்று மிஞ்சிய சிற்றெண்ணைத் தசமத் தோராயம் என்று கருதி அவரே கையெழுத்திட்டிருந்தார்.

இயக்குநரின் அறைக்குச் சென்றார். “ஐயா, தப்பு என்னோடது. இது நாளைக்குப் போகக் கூடாது. பழைய கட்டுரைக்கும் திருத்தம் போடணும்.”

இயக்குநர் கண்ணாடியைக் கழற்றினார். “கழிச்சிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்காதேம்மா?”

“தெரிஞ்சிருக்காது, ஐயா. மொத்தம் சரியா வந்திருக்கும். எந்தக் குழி எவ்வளவு ஆழம்ங்கிறதுதான் தப்பா இருந்திருக்கும்.”

இயக்குநர் கட்டுரையை ஒதுக்கி வைத்தார். “திருத்தத்தை எழுதுங்க. நானும் கையெழுத்துப் போடுறேன். ஆனா இதைப் பாத்தா உங்க நிரந்தரப் பணியை முடிவு பண்ற தேர்வுக் குழு சும்மா இருக்காது.”

குழு சும்மா இருக்கவில்லை. ஆணையை ஓராண்டு நிறுத்தி வைத்தது. செய்தி வந்த அன்று கணவர் கேட்டார்: “அப்ப வண்டி இன்னும் நிறுத்தத்துலதானா?”

“ஆமா. ஆனா இந்தத் தடவை வண்டியில யாரையும் ரெண்டு தடவை எண்ணல.”