வழி விற்றுப்போன வீடு

நூல்கண்டு வாங்கப் போயிருந்த தையலக்கா திரும்பி வந்தபோது, இரும்பு கேட்டுக்குப் பின்னால் நின்ற செக்யூரிட்டி விறைப்பாக நிமிர்ந்து, முகத்தைக் கல்லாக்கிக்கொண்டு கேட்டார்.

"யாரப் பாக்கணும்?"

"உன் மாமியார."

"அவங்க போய்ச் சேந்துட்டாங்க. வேற யாரு?"

"அப்ப என் புருஷனையே பாத்துக்கறேன். தொற."

கேட் திறந்தது. தினமும் நடக்கிற கூத்துதான் இது. செக்யூரிட்டியின் பெயர் பங்க்சர். பெற்றவர்கள் ஆசையாக வேறொரு பெயர் வைத்திருந்தார்கள். அது சம்பளக் கவருக்கு மட்டும் பயன்பட்டது. இப்போது கேட் நிற்கிற அதே இடத்தில்தான் அவருடைய வீடும் சைக்கிள் கடையும் இருந்தன. அக்கா வாக்கப்பட்டு வந்த நாளிலிருந்து இருவருக்கும் பழக்கம். ஆனாலும் கேட்டுத்தான் ஆக வேண்டும். தலைக்கு மேலே கேமரா. கேட்காமல் திறந்துவிட்டால் மூன்றாம் மாடியிலிருந்து குடியிருப்போர் சங்கத்தின் செயலாளரம்மா போன் போடுவார்.

அக்காவின் ஓட்டு வீடு அந்த அடுக்குமாடிகளுக்கு நடுவில், பல்லிடுக்கில் சிக்கிய நார் மாதிரி மாட்டிக்கொண்டிருந்தது. வாசலைத் திறந்தால் சுவர். ஜன்னலைத் திறந்தால் யாரோ ஒருவருடைய கார் முறைத்தது. வெயில் மத்தியானம் கொஞ்ச நேரம் எட்டிப் பார்த்துவிட்டு, தப்பான வீட்டுக்கு வந்துவிட்டவன் போல நழுவிவிடும்.

எப்படி மாட்டிக்கொண்டாள் என்பதுதான் வேடிக்கை. முன்பெல்லாம் அந்தப் பக்கத்தில் பின்வீடுகளுக்குத் தனி வழி என்று ஒன்று கிடையாது. கடைசி வீடான அக்கா வீட்டுக்குப் போக வேண்டுமானால், பங்க்சர் முற்றத்தில் தொங்கும் டயர்களுக்குக் குனிந்து, பால்காரர் வீட்டுக் கேன்களைத் தாண்டி, டீச்சரம்மா கொடியில் காயும் துணிகளை விலக்கிக்கொண்டு போக வேண்டும். அளவு கொடுக்க வந்த பெண்களும் அப்படித்தான் வந்தார்கள். அதற்காக அது சொர்க்கம் ஒன்றுமில்லை. பால்காரர் வீட்டு நாய் அக்காவின் கணுக்காலைப் பலமுறை ருசி பார்த்திருக்கிறது. ஆனால் அதை யாரும் ஒரு வழி என்று நினைத்ததே இல்லை. மூச்சு விடுவதை யாராவது பத்திரத்தில் எழுதி வைப்பார்களா?

தெருமுனையில் கண்ணாடி போட்ட காபிக் கடை வந்தது. நாய்களுக்கு முடி வெட்டும் கடை வந்தது. அப்புறம் கட்டடக்காரர் பழக்கூடையோடு வந்தார். பால்காரர் விற்றார், டீச்சரம்மா விற்றார், பங்க்சரும் விற்றார். அக்கா பழத்தை வாங்கிக்கொண்டாள், வீட்டைக் கொடுக்கவில்லை. முன் அறையில் மிஷின், சுவரெல்லாம் அளவுத் துணி, பெயர் தெரியாவிட்டாலும் தோளளவு தெரிந்த நூற்றுக்கணக்கான பெண்கள். இதை விட்டுவிட்டு எங்கே போவது? அன்று அவள் நடந்த நடை இருக்கிறதே, தெரு முழுக்க அவளுக்கே சொந்தம் போல இருந்தது.

பிறகு இடத்தை அளக்க ஒருவர் வந்தார்.

"உங்க வீட்டுக்கு வழியே இல்லையேம்மா."

"பின்ன இத்தன வருஷமா நான் பறந்தா வந்தேன்?"

"அடுத்தவங்க எடத்துல நடந்து வந்திருக்கீங்க. அந்த எடந்தான் வித்தாச்சே."

அன்று சாயங்காலம் பங்க்சர் வந்து வாசலில் நின்றார். உள்ளே வரவில்லை. "சத்தியமா நான் என் வீட்டத்தான் வித்தேன்க்கா. உங்க வழி அதுக்குள்ள இருந்துச்சுன்னு எனக்குத் தோணவே இல்ல" என்றார். அக்காவுக்கும்தான் தோன்றவில்லை. யாரைத் திட்டுவது என்று தெரியாமல், தையல் மிஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டே இருந்தாள்.

கட்டடக்காரர் பெரிய மனசு பண்ணினார். அக்காவும் அவள் புருஷனும் கேட் வழியாக வந்து போகலாம். விருந்தாளிகளாக.

புருஷன் ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர். எதிர்ச்சுவரைப் பார்த்தபடி வாசலில் உட்கார்ந்திருப்பதுதான் இப்போது அவருக்கு டியூட்டி. "வித்துட்டுப் போயிடலாமா?" என்று அக்கா ஒருநாள் வாய் விட்டாள். கட்டடக்காரரிடம் போய்க் கேட்டும் பார்த்தாள். "இப்ப எதுக்கும்மா? எங்க வேலதான் முடிஞ்சுபோச்சே" என்றார் அவர். வேறு யாரும் வாங்க மாட்டார்கள். வழியில்லாத வீட்டை வாங்கி என்ன செய்வது, ஹெலிகாப்டரில் வந்து இறங்குவதா?

"டிக்கெட் எடுத்தாச்சு. நாம எறங்குற ஸ்டாப்ப எடுத்துட்டாங்க. பேசாம உக்காந்து வா" என்றார் கண்டக்டர்.

அளவு கொடுக்க வருகிறவர்கள் குறைந்தார்கள். கேட்டில் பெயர் சொல்லி, போட்டோ எடுத்து, எந்த ஃபிளாட் என்று கேட்டால் முழித்து, அப்படி ஒரு ரவிக்கை தேவையா என்று திரும்பிவிட்டார்கள். மிச்சம் இருந்தது ஒரே ஒரு பெரிய வேலை. பக்கத்து ஆஸ்பத்திரி நர்ஸ்களின் சீருடை. ஆயத்த அளவுச் சட்டை வேண்டாம், குனிந்தால் நிமிர்ந்தால் பிடிக்காமல் தைக்க அக்காதான் சரி என்று ஹாஸ்டல் வார்டன் வருஷா வருஷம் கொடுப்பது. "இந்த வாரம் அளவு எடுத்துடுங்க. இல்லன்னா முனைக் கடைக்குக் குடுத்துடுவேன்" என்று இந்தத் தடவை கறாராகச் சொல்லிவிட்டார். அது போனால் மிஷினுக்கு உறை போட்டு மூட வேண்டியதுதான். நானே ஹாஸ்டலுக்கு வருகிறேன் என்றாள் அக்கா. வெளியாளுக்கு அனுமதி இல்லையாம். அங்கேயும் ஒரு கேட், ஒரு கேமரா.

ஆக, நர்ஸ்கள் வந்தார்கள். டியூட்டி முடிந்த களைப்போடு கேட்டுக்கு வெளியே கும்பலாக நின்றார்கள்.

"தொழில் விஷயமா வந்தா விடக் கூடாதுன்னு சங்கத்துல சொல்லிட்டாங்கக்கா" என்று பங்க்சர் பரிதாபமாகச் சொன்னார். கொஞ்சம் பொறுத்து, "சொந்தக்காரங்கன்னா விடலாம்" என்றார்.

அக்கா பங்க்சரைப் பார்த்தாள். பங்க்சர் கேமராவைப் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு, முதலில் நின்றவளைக் காட்டினார். "இவங்க யாரு?"

"என் தங்கச்சி மக."

"அவங்க?"

"நாத்தனார் மக."

"இந்த உயரமானவங்க?"

"கொழுந்தனார் வழியில பேத்தி."

"பேத்தியா?"

"எங்க குடும்பத்துல சீக்கிரம் கல்யாணம் பண்ணிடுவோம்."

கடைசியாக நின்றவர் தலை நரைத்த ஹெட் நர்ஸ். பங்க்சர் மரியாதையாகக் குரலைத் தாழ்த்தினார். "இவங்க?"

"சம்பந்தி."

"உங்களுக்குப் புள்ளயே இல்லையேக்கா!"

"இப்பதான பேசிட்டிருக்கோம். தொற மொதல்ல."

அன்று அந்த வீட்டில் வெகு நாளைக்குப் பிறகு சிரிப்புச் சத்தம் கேட்டது. கண்டக்டர் வாசலில் நின்று, "முன்னாடி போங்க, உள்ள எடம் இருக்கு" என்று ஆட்களை ஒழுங்கு பண்ணினார். பாதிப் பேருக்குமேல் அளவு எடுத்தாயிற்று. அடுத்த ஷிப்டில் இருப்பவர்கள் மறுநாள் வருவதாக ஏற்பாடு.

கடைசிப் பெண் கையைத் தூக்கி நின்றபோது வாசலில் செயலாளரம்மா. முதல் தடவையாக அந்த வீட்டுக்கு வருகிறார். எதிரே இருந்த சுவரை ஒரு நிமிடம் பார்த்தார். அதற்கு அந்தப் பக்கம்தான் அவருடைய கார் நிற்கும். இந்தப் பக்கத்தை அவர் பார்த்ததில்லை போல.

"ஆன்ட்டி, உங்களுக்கு இவ்ளோ சொந்தமா?"

"எல்லாம் என் பக்கத்துச் சொந்தம்மா. பஸ்ஸுல பழக்கம்" என்றார் கண்டக்டர்.

செயலாளரம்மா சிரிக்கவில்லை, கத்தவும் இல்லை. கத்தியிருந்தால் அக்கா பதிலுக்கு நன்றாகக் கத்தியிருப்பாள். "எனக்கு உங்க மேல கோவமே இல்ல. ஆனா உங்கள விட்டா, நாளைக்கு ரெண்டாம் மாடில டான்ஸ் கிளாஸ் ஆரம்பிப்பாங்க. இன்னொரு தடவ இப்படி நடந்தா செக்யூரிட்டிய மாத்தச் சொல்லிடுவாங்க. அவருக்குத்தான் கஷ்டம்" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் மத்தியானம் மிச்ச நர்ஸ்கள் வந்தார்கள். பங்க்சருக்கு விஷயம் தெரியும். இருந்தும் தொப்பியைச் சரி பண்ணிக்கொண்டு, "சொல்லுங்கக்கா, இன்னிக்கு யாரு? அத்த மகளுங்களா?" என்றார். விரல் மட்டும் பூட்டைத் தொட்டுத் தொட்டு விலகிக்கொண்டிருந்தது.

அந்த விரலை அக்கா பார்த்தாள். டயர் கழற்றிக் கழற்றி நகம் செத்துப்போன விரல்.

"யாரும் இல்ல. நீ தொறக்காத."

"அப்ப நீங்களாவது வெளிய போய் அளந்துக்கோங்க."

"நான் எதுக்குடா போகணும்? இது நீ டயரு தொங்கவிட்ட எடம். என் வழி. இங்க நின்னுதான் அளப்பேன்."

கழுத்திலிருந்து டேப்பை உருவினாள். "கம்பிகிட்ட வாம்மா. முதுகக் காட்டி நில்லு." நர்ஸ்கள் முழித்தார்கள். அப்புறம் ஒருத்தி, சலவைக்குப் போட வைத்திருந்த படுக்கை விரிப்பைப் பையிலிருந்து எடுத்து உதறினாள்; இரண்டு பேர் ஆளுக்கொரு முனையைப் பிடித்து, தெருவுக்குத் தெரியாமல் மறைத்தார்கள். அது அவர்களுக்குப் பழகிய வேலை.

கம்பிகளுக்கு நடுவே இரண்டு கைகளையும் முழங்கை வரை நுழைத்து அக்கா அளந்தாள். தோள். கை நீளம். இடுப்பு. கம்பி இடித்த இடம் சிவந்தது. வெளியே ஒருத்தி டேப்பைப் பார்த்து ஒவ்வொரு அளவையும் படிக்க, இன்னொருத்தி போனில் குறித்துக்கொண்டாள்.

"யாராவது பாத்தா ஜெயில்ல ஆளப் பாக்க வந்திருக்கோம்னு நெனப்பாங்க" என்று சின்ன நர்ஸ் ஒருத்தி சிரித்தாள். பாதிச் சிரிப்பில் நிறுத்திக்கொண்டு, "அக்கா, கை வலிக்குதா?" என்றாள்.

அக்காவின் பல்லுக்கு நடுவே சாக்பீஸ். பேச முடியாது. பேச முடியாதபடி வைத்துக்கொண்டாள் என்றும் சொல்லலாம்.

பங்க்சரின் போன் அடித்தது. மூன்றாம் மாடி. அவர் நிமிர்ந்து நின்று எடுத்தார்.

"இல்லம்மா. யாரும் உள்ள வரல." கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். கம்பிக்குள் மாட்டியிருந்த அந்த இரண்டு கைகளைப் பார்த்தார். "இல்லம்மா... யாரும் வெளியவும் போகல."

அக்கா சாக்பீஸைத் துப்பினாள்.

"அடுத்த ஆள் வா. கையத் தூக்கு."