புளி மண்டிக்காரர் நம்பர்

காரிமங்கலம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் அப்போது எல்லா அழைப்பும் என் கை வழியாகத்தான் போக வேண்டும். காதில் ஹெட்போன், எதிரே இணைப்புப் பலகை. எழுந்தால் வயர் பிடித்து இழுக்கும். தற்காலிக வேலை. "லைன் கெடைக்க லேட்டாவுதுன்னு இன்னொரு புகார் வந்தா வூட்டுக்குப் போயிடும்மா" என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். வீட்டிலோ அண்ணன் எனக்கு ஒரு மாப்பிள்ளையைப் பிடித்து வைத்திருந்தான், இரண்டாம் தாரமாக. இந்த நாற்காலியை விட்டால் அந்த மணவறைதான்.

லைன்மேன் கம்பியெல்லாம் சோதித்துவிட்டு, "லைன்ல ஒண்ணுமில்லீங்க" என்றார். பிறகுதான் பிசகு பிடிபட்டது. எங்கள் ஊரில் எவன் நம்பர் சொல்லிக் கேட்டான்? "அரிசி மில்லு வூட்டுக்குக் குடும்மா" என்பான். பதிவேட்டிலோ இனிஷியலோடு ஆங்கிலப் பெயர்கள். அதை முதலிலிருந்து கடைசிவரை புரட்டி, கிடைக்காமல் லைன்மேனைக் கூப்பிட்டுக் கேட்பேன். அதற்குள் லைன் கேட்டவன் திட்டத் தொடங்கியிருப்பான்.

ஊர் கூப்பிடுகிற பெயர்களையே ஒரு நோட்டில் எழுதி, பக்கத்தில் நம்பரைப் போட்டேன். முதலில் நோட்டு, அதில் இல்லாவிட்டால்தான் பதிவேடு. புகார் நின்றது. எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் ஏறியது, பொய் சொல்வானேன்.

ஒரு மத்தியானம் ஒரு பெண் மூச்சு வாங்கப் பேசினாள். "புளி மண்டிக்குக் குடுங்க. மாமனாருக்கு நெஞ்சு வலி. எங்க வூட்டுக்காரரு வண்டியோட வரணுங்க."

நோட்டிலிருந்த நம்பரைப் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி போட்டேன், யாரும் எடுக்கவில்லை. எழுந்து ஓடிப்போய்ச் சொல்லவும் வழியில்லை, பலகையை விட்டு நகரக் கூடாது.

"அவரு பேரச் சொல்லுங்க, பதிவேட்டுல பாக்கறேன்."

"கட்டுனவரு பேர நான் எப்பிடிங்க சொல்றது? சொல்ல வேற ஆளும் இல்லீங்களே."

அவள் பேசிய வீட்டு போன் மாமனார் பெயரில் இருந்ததால், அதை வைத்துப் புருஷன் பெயரைக் கண்டுபிடிக்கவும் முடியவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "உசுரு போவுது, பேரு பெருசா?" என்று கத்தினேன். அவள் அழுதாளே தவிர சொல்லவில்லை.

டீ குடிக்கப் போன லைன்மேன் திரும்பி வந்து, "மண்டி சந்தைத் தெருவுக்குப் போயி ஒரு வாரமாச்சே, நம்பரும் மாறிடுச்சே" என்றார். அவர் சொன்ன பெயரைப் பதிவேட்டில் தேடினேன். பழைய நம்பரை அடித்துப் புதியதை எழுதியிருந்தது என் கையெழுத்து. நோட்டில் மாற்ற மறந்திருக்கிறேன். இணைப்புக் கொடுப்பதற்குள் அரை மணி போய்விட்டது. தர்மபுரி ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே பெரியவர் இறந்துவிட்டார்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் அவள் எக்ஸ்சேஞ்சுக்கே வந்தாள். சூப்பர்வைசர் பக்கத்தில் நின்றிருந்தார்.

"நீங்க எத்தன தடவ போட்டீங்க. நான் ஒருதரம் அவரு பேரச் சொல்லியிருந்தா எங்க மாமா பொழச்சிருப்பாருங்க. நாந்தான் கொன்னுட்டேன்."

நோட்டு என் மடியில் கிடந்தது. உங்கள் மேல் தப்பில்லை என்று சொல்ல எத்தனை நேரம் ஆகும்? சூப்பர்வைசர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "அழாதீங்கம்மா" என்று மட்டும் சொன்னேன்.

அடுத்த வருடம் வேலை நிரந்தரமாயிற்று. அந்த வீட்டிலிருந்து அழைப்பு வரும்போதெல்லாம், அவள் வாயைத் திறக்கும் முன்பே மண்டிக்கு இணைப்பைக் கொடுத்துவிடுவேன்.