மஞ்சள் துணியில் முடிந்த மோட்டார்

லண்டன் ஹரோவில் சதாசிவத்தைத் தெரியாத தமிழ் வீடு குறைவு. நடக்கிற மனுஷன் என்றால் போதும், யாரென்று விளங்கிவிடும். கடைக்கு நடை, நூலகத்துக்கு நடை. பிள்ளைகள் சின்னதாக இருந்த காலத்தில் சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கும் ஒரு கையில் ஒன்று, மறுகையில் ஒன்றாகப் பிடித்துக்கொண்டு நடை. வண்டி ஓட்டத் தெரியாத ஆள் இல்லை. பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். மாடிப் பஸ்ஸைப் பின்பக்கமாக எடுத்து அடுத்த பஸ்ஸுக்கு ஒரு சாண் விட்டு நிறுத்துவார். இரண்டு சக்கரம் உள்ளதில் மட்டும் ஏறமாட்டார். மகனுக்குச் சைக்கிள் பழக்கியதும் பக்கத்தில் ஓடி ஓடித்தான்.

ஆனால் பீட்சா கொண்டுபோகிற மோட்டார் சைக்கிள் ஒன்று தெருவில் கடந்தால் அப்படியே நிற்பார். தலையைச் சாய்ப்பார். "ரிங் தேஞ்சு போச்சு," என்பார், பக்கத்தில் ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

காரணம் அவர் வீட்டுச் சாமி அலமாரியில் இருந்தது. மஞ்சள் துணியில் முடிந்து வைத்த ஒரு மலேசியக் காசு. வெள்ளிக்கிழமை தோறும் அலமாரியைத் துடைக்கிறவர் சதாசிவம். அந்த முடிச்சைச் சுற்றித் துடைப்பார், எடுக்கமாட்டார்.

அவர் பிறந்தது மலேசியாவில், பேராக் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில். அவருடைய அப்பாவும் அவர் மனைவி புனிதாவின் அம்மாவும் கூடப்பிறந்தவர்கள். புனிதாவின் அப்பா அம்பலவாணன் அடுத்த தோட்டத்துக் கிராணி, ஆபீஸில் கணக்கு எழுதுகிறவர். அந்த வகையறாவில் முதன்முதலில் சப்பாத்துப் போட்டு வேலைக்குப் போனவரும் அவர்தான். மைத்துனர் மகனுக்குத்தான் தன் பெண் என்று எப்போதோ வாக்குக் கொடுத்திருந்தாலும், பையன் மோட்டார் ரேஸுக்குப் போகிறான் என்று கேள்விப்பட்டதும் அவருக்கு முகம் சுருங்கிவிட்டது.

ரேஸ் என்றால் இப்போது டிவியில் காட்டுகிற மாதிரி நினைத்துவிட வேண்டாம். எழுபதுகளின் தொடக்கம். மோட்டோகிராஸ் என்ற பெயரே அந்தப் பக்கத்துக்கு அப்போதுதான் வந்திருந்தது. ஈயச் சுரங்கமான ஈயலம்பத்தில் ஈயம் எடுத்து முடித்த பிறகு மணல் மலை மலையாகக் கிடக்கும், நடுநடுவே பச்சைத் தண்ணீர்க் குட்டைகள். வேறு எதற்கும் ஆகாத அந்த நிலம்தான் பந்தயத் திடல். மூங்கில் நட்டுக் கயிறு கட்டினால் பாதை. ஒருவர் கைக்குட்டையைக் கீழே போட்டால் புறப்பாடு. பரிசு சில நேரம் கோப்பை, சில நேரம் அரிசி மூட்டை.

ரேஸுக்கென்று தனி வண்டி யாரிடம் இருந்தது? வேலைக்குப் போகிற மோட்டாரில் இருந்து சனிக்கிழமை லைட்டு, மட்கார்டு, கண்ணாடி எல்லாவற்றையும் கழற்றுவார்கள். திங்கட்கிழமை வேலைக்கு முன் திரும்பப் பூட்டுவார்கள். மணலில் பிடிக்கிற டயர் வாங்க வழியில்லை. தோட்டத்து ஆட்கள் ஒரு வழி பார்த்தார்கள். மொட்டையாகத் தேய்ந்த டயரில், பால் வெட்டுகிற உளியால் ஆழமாக வரி வெட்டினார்கள். மரத்தில் பட்டை எடுக்கிற அதே சாய்வு, அதே கை. ரப்பர் மரத்தை வெட்டிய உளியே ரப்பர் டயரையும் வெட்டியது.

கூட்டம் கூடும். மலாய்க்காரர் கச்சான் கடலை வறுப்பார், சீனர் ஐஸ் வண்டி கொண்டுவருவார். தமிழ் ஆட்கள் முன்சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்காமல் புறப்படமாட்டார்கள். பார்த்துப் பார்த்துச் சீனர்களும் வைக்கத் தொடங்கினார்கள். மலாய்க்காரர்கள் சிரித்துக்கொண்டே பக்கத்துப் பழத்தின் மேல் தங்கள் வண்டியை ஏற்றிவிடுவார்கள்.

சதாசிவம் ஓட்டியது கம்பாரில் பட்டறை வைத்திருந்த சீன முதலாளி, தவுக்கேயின் நூறு சிசி யமஹா. நன்றாகத்தான் ஓட்டினார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மணல்மேட்டில் எழும்பிய வண்டி இறங்கும்போது சாய்ந்தது. குட்டைக் கரையில் கிடந்த இரும்புக் குழாயில் தலையும் தொடையும் அடிபட்டு, ஈப்போ ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்தார்.

அப்போது பரிசம் போட்டாகிவிட்டது. கல்யாணத்துக்கு நாள் பார்க்கவில்லை, அவ்வளவுதான். புனிதா தோட்டத்து மாரியம்மன் முன்னால் போய் நின்று, ஒரு காசை மஞ்சள் துணியில் முடிந்தார். ஆள் எழும்பினால் இனி ஆயுசுக்கும் இரண்டு சக்கரத்தில் ஏறமாட்டார் என்பது நேர்த்தி. ஏறுகிறவர் சொல்ல வேண்டியதை இவர் சொன்னார். இன்னொருவர் காலைச் சாமிக்குக் கொடுத்துவிட்டு வந்தார்.

கண் விழித்த சதாசிவத்துக்குப் புனிதாவின் அம்மா, அவருடைய அத்தைதான் செய்தி சொன்னார். சதாசிவம் மேலே சுழன்ற விசிறியைப் பார்த்தபடியே, "சரி," என்றார். அதற்குப் பிறகு கணவனும் மனைவியும் அதைப் பற்றி ஒருநாளும் பேசியதில்லை. புனிதாவுக்கு இங்கே தாதிப் பயிற்சி கிடைத்தது, அவர் முன்னால் வந்தார், இவர் பின்னால் வந்தார், முடிச்சும் கூடவே வந்தது. அங்கே தோட்டத்தை விற்று வீடு கட்டினார்கள். கோயில் போனது. அம்மன் சிலையை யார் எங்கே கொண்டுபோனார்கள் என்று சொந்தத்தில் ஒருவருக்கும் தெரியவில்லை.

இப்படி ஐம்பது வருடத்துக்கு மேல் ஓடியபின், இந்தக் கோடையில் புனிதாவின் தம்பி மகன் ரவீன் போனை எடுத்துக்கொண்டு வந்தான். படிக்க வந்து இங்கேயே தங்கிவிட்ட எஞ்சினியர்.

"மாமா, இதைப் பாருங்க."

சதாசிவம் போனை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். "நூறு சிசியா?"

"அதே மாடல். லெஸ்டர் பக்கம் ஒரு வெள்ளக்காரக் கிழவர் வீட்டுல, கோழிக் கூண்டுக்குப் பின்னால கிடந்துச்சு. பிரிச்சுப் பூட்டிட்டேன்."

"கிளச் கேபிளைத் தப்பா விட்டிருக்க."

"வந்து நீங்களே மாத்துங்க. அடுத்த மாசம் கெண்ட்ல ஒரு வயல்ல பழைய வண்டிக்காரங்க எல்லாம் கூடுறாங்க. ரேஸ் இல்ல மாமா, சும்மா ஒரு ரவுண்டு. உங்களைவிடக் கிழம் எல்லாம் வருது."

"உங்க அத்தைகிட்டக் கேட்டியா?"

"நான் எதுக்குக் கேக்கணும்? அவங்களைக் கட்டினது நீங்கதானே?"

சதாசிவம் போனைத் திருப்பிக் கொடுத்தார். அடிபட்ட கால் முழங்காலை மாற்ற ஆஸ்பத்திரியில் நாள் கொடுத்திருந்தார்கள், இலையுதிர் காலத்தில். மாற்றினால் நடக்கலாம், ஆனால் மோட்டாரை மிதித்துக் கிளப்புகிற அளவுக்கு மடக்கவோ உதைக்கவோ கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். இந்தக் கோடை போனால் போனதுதான்.

கேட்க வேண்டியது புனிதாவை. அவரை விட்டு மற்ற எல்லாரையும் கேட்டார். பக்கத்து வீட்டு சந்திரவதனா யாழ்ப்பாணத்துப் பெண், கோயில் காரியம் எல்லாம் தெரிந்தவர். சதாசிவம் வேலிக்கு மேலால் அவரைக் கூப்பிட்டார்.

"ஒரு சந்தேகம்மா. கோயிலே இல்லாமப் போச்சுன்னா, அந்தச் சாமிக்கு வச்ச நேர்த்தி என்ன ஆகும்?"

"ஆற்றை நேர்த்தி அண்ணை, ஆர் வைச்சது?"

"பொதுவா கேக்கிறேன்."

"பொதுவா எண்டால் ஐயரைத்தான் கேக்கோணும். வெள்ளிக்கிழமை நான் வெஸ்ட் ஈலிங் அம்மனிட்டைப் போறன். நீங்களும் அக்காவும் வாங்கோவன்." பிறகு குரலைத் தணித்தார். "மோட்டார் விசயம்தானே? ரவீன் தம்பி எனக்கும் படம் காட்டினவர்."

வெள்ளிக்கிழமை போனார்கள். புனிதா அம்மனைச் சுற்றி வருகிற நேரம் பார்த்து சதாசிவம் ஐயரிடம் மெல்ல விசயத்தைச் சொன்னார். ஐயர் விபூதித் தட்டைப் பிடித்தபடியே கேட்டுவிட்டுச் சொன்னார்.

"எந்த ஊரிலை இருந்தாலும் அம்மன் ஒருத்திதான். அதிலை ஒண்டும் இல்லை. ஆனால் வைச்ச ஆள்தான் எடுக்க ஏலும். நீங்கள் எடுக்கேலாது. அவ மனசோடை வந்து சொல்லட்டும்."

பூசை முடிந்து சாப்பாட்டு மண்டபத்தில் தட்டோடு உட்கார்ந்தார்கள். புனிதா பருப்பைச் சோற்றில் ஊற்றிக்கொண்டே சொன்னார்.

"என்னைத் தவிர ஊரெல்லாம் கேட்டாச்சு. பக்கத்து வீடு, இப்ப ஐயர். இனி கவுன்சில்தான் பாக்கி."

சந்திரவதனா தண்ணீர் எடுக்கப் போகிறேன் என்று எழுந்து போய்விட்டார். சதாசிவம் சோற்றைப் பிசைந்தார்.

"நீயும் அன்னிக்கு என்னைக் கேக்கலயே."

"பேச்சு மூச்சில்லாம கிடந்தீங்க. எப்படிக் கேக்கிறது?"

"உன்னோடது எதையாச்சும் கொடுத்திருக்கலாம்."

"கொடுத்தேன்."

"என்ன கொடுத்த?"

"டுரியான்."

சதாசிவத்தின் கை நின்றது. அம்பலவாணன் வீட்டுக்குப் பின்னால் டுரியான் மரம் இருந்தது; பலா மாதிரி முள்ளுப் பழம், வாசம் நாலு வீட்டுக்கு அடிக்கும். பழம் விழுகிற சத்தத்துக்கு முதலில் ஓடுகிறவர் புனிதாதான். தம்பிக்கும் கொடுக்கமாட்டார் என்று வகையறாவில் பெயர். கல்யாணத்துக்குப் பிறகு தொட்டதில்லை. சொந்தக்காரர்கள் மலேசியாவில் இருந்து டுரியான் அல்வா கொண்டுவந்தாலும் அறையை விட்டுப் போய்விடுவார். அவருக்குப் பிடிக்கவில்லை என்று சதாசிவமும் விட்டுவிட்டார்.

"உடம்புக்குச் சூடுன்னு சொன்ன."

"சூடுன்னுதான் சொன்னேன். வேற என்ன சொல்றது? மத்தவங்க பொருளை மட்டும் வச்சுச் சாமிகிட்டக் கேக்கக்கூடாதுன்னு அம்மா சொன்னாங்க. உங்க காலை வச்சேன். என் நாக்கை வச்சேன்."

"இவ்வளவு நாளும்?"

"சைனா டவுன் பக்கம் போனா மூச்சை அடக்கிக்குவேன்."

சதாசிவம் ஒரு கவளம் சாப்பிட்டார். புனிதா கைப்பையைத் திறந்து மஞ்சள் முடிச்சை எடுத்துத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். காலையில் அலமாரியைத் துடைத்தபோது அது அங்கே இல்லாததைச் சதாசிவம் கவனித்திருந்தார். கேட்கவில்லை.

"அன்னிக்குக் கேக்கல. இன்னிக்குக் கேக்கிறேன். உண்மையைச் சொல்லுங்க. ஓட்டணுமா?"

இல்லை, பரவாயில்லை என்று சொல்லத்தான் வாய் பழகியிருந்தது. அவர் அதைச் சொல்லவில்லை.

"ஓட்டணும்."

"விழுந்தா?"

"விழுந்தா நேர்த்தி வைக்காத. ஆம்புலன்ஸைக் கூப்பிடு."

புனிதா சிரிக்கவில்லை. கை கழுவிவிட்டு ஐயரிடம் போய், இரண்டு நேர்த்தியையும் திரும்ப எடுத்துக்கொள்வதாகவும், பதிலுக்கு மூன்று வெள்ளிக்கிழமை விளக்குப் போடுவதாகவும் அம்மனுக்குச் சொன்னார். முடிச்சு அவிழவில்லை. மஞ்சள் இறுகி மரம் மாதிரி ஆகியிருந்தது. கத்தரிக்கோல் தரட்டா என்று சந்திரவதனா கேட்டதற்கு வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு, சேலையில் இருந்த ஊசியைக் கழற்றிக் குத்திக் குத்தி அவிழ்த்தார். காசு கறுத்துப் போயிருந்தது. உண்டியலில் போட்டார்.

கெண்ட் வயலில் வெள்ளைக்காரக் கிழவர்கள் மடக்கு நாற்காலிகளில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். சதாசிவம் முதல் வேலையாகக் கிளச் கேபிளை மாற்றினார். ஏறப் போகும்போது புனிதா கைப்பையில் இருந்து எலுமிச்சம்பழம் எடுத்து முன்சக்கரத்தின் கீழ் வைத்தார். அதைப் பார்த்த ஒரு கிழவர், டயருக்கு நல்லதா என்று ரவீனிடம் கேட்டார். நல்லது என்றான் அவன்.

மூன்றாவது உதையில் கிளம்பியது. பழம் நசுங்கியது. சதாசிவத்துக்குக் காது அடைத்துக்கொண்டது; எண்ணெய்ப் புகை மூக்கில் ஏறியது. முதல் திருப்பத்தில் இடக்கால் தானாக வெளியே நீண்டு மண்ணைத் தொட்டது. சின்ன மேட்டில் உடம்பு எழும்பி நின்றது. முழங்கால் நிற்கவிடவில்லை, உட்கார்ந்துவிட்டார். அவரை எல்லாரும் தாண்டிப் போனார்கள். ஒரு சுற்றுத்தான். கடைசி ஆளாக வந்து நிறுத்தினார். இறக்குவதற்கு ரவீனும் இன்னொருவரும் வேண்டியிருந்தது.

"போதுமா?" என்றார் புனிதா. அவர் கையில் போன், ஆம்புலன்ஸ் நம்பர் அடித்தபடி இருந்தது.

"போதும்," என்றார் சதாசிவம். அது பொய்யில்லை.

அடுத்த வாரம் ரவீன் உறைய வைத்த டுரியான் ஒரு பெட்டி வாங்கிவந்தான். சமையலறை மேசையில் திறந்து வைத்துவிட்டு, இருவரும் புனிதாவின் முகத்தையே பார்த்தார்கள். அவர் ஒரு சுளையை எடுத்து, கண்ணை மூடாமல், அவசரப்படாமல் சாப்பிட்டார்.

"இது டுரியானே இல்ல," என்றார். "ஐஸ்கிரீம்."

அடுத்ததை எடுத்தார். அதற்கடுத்ததையும் எடுத்தார். வேலிக்கு அப்பால் இருந்து சந்திரவதனாவின் குரல் வந்தது.

"அக்கா, உங்கடை பக்கம் காஸ் லீக் போல கிடக்கு. ஆருக்காவது போன் அடிக்கட்டே?"

"அடிக்க வேணாம். தட்டு எடுத்துக்கிட்டு வா," என்றார் புனிதா.

சந்திரவதனா வந்து எட்ட நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டார். சதாசிவத்துக்கு ஒரு சுளை கிடைத்தது.