புல்வெட்டும் வண்டிக்கு ஆயுத பூஜை

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் படப்பை சாலையில் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்தேன். தற்காலிக ஃபிட்டர். அந்தத் தற்காலிகம் மூன்றாவது வருடமாக நிரந்தரமாக நடந்துகொண்டிருந்தது. ஆயுத பூஜை முடிந்ததும் என் நிரந்தர உத்தரவில் கையெழுத்துப் போடுவதாக மேனேஜர் சொல்லியிருந்தார். தாம்பரத்தில் எனக்குப் பெண் தருவதாக இருந்தவர்களும் அந்தக் கையெழுத்துக்காகத்தான் காத்திருந்தார்கள்.

அலுவலகத்துக்கு முன்னால் சரிவாக ஒரு புல்தரை. உற்பத்தி ஏறினாலும் இறங்கினாலும் மேனேஜருக்குக் கவலையில்லை, புல் மட்டும் ஓர் அங்குலத்துக்கு மேல் ஏறக் கூடாது. அதற்காக, தன் நாட்டுக்குத் திரும்பவிருந்த ஒரு வெள்ளைக்காரரிடமிருந்து உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டும் வண்டி ஒன்றை வாங்கி வந்தார். ஓட்டுவது தோட்டக்காரர். பள்ளிக்கரணைக்காரர், என் வயதுதான். சக்கரமும் பிரேக்கும் என் பொறுப்பு. வண்டியோடு ஓர் ஆங்கிலப் புத்தகம் வந்தது. அதை முழுதாகப் படித்த ஒரே மேதை நான்.

அதை வைத்துக்கொண்டு நான் செய்த அலட்டல் கொஞ்சநஞ்சமல்ல. பம்மல் டயர் கடையில் லாரிக்கு அடிப்பதுபோல் காற்றடித்து அனுப்பிவிட்டார்கள். வண்டி புல் மேல் குதித்துக் குதித்துப் போனது. “பத்து பவுண்டுதான்னு புக்குல இருக்கு. படிக்கணும்” என்று தோட்டக்காரருக்கு ஒரு வாரம் பாடம் எடுத்தேன், காற்றடித்ததே அவர்தான் என்பதுபோல.

ஒரே குறை, பிரேக் கீச்சென்று கத்தியது. “பூஜை அன்னிக்கு நானே ஓட்டப் போறேன். ஸ்டாஃப் எல்லாம் பார்ப்பாங்க. இந்தச் சத்தம் இருக்கக் கூடாது” என்றார் மேனேஜர்.

பூஜைக்கு முந்தைய நாள் தொழிற்சாலையே எண்ணெயில் குளிக்கும். வருடம் முழுக்கத் திரும்பிப் பார்க்காத மெஷினுக்குக்கூட அன்று துடைப்பும் எண்ணெயும் உண்டு. நானும் நான்கு சக்கரங்களையும் கழற்றி கிரீஸ் வைத்து மாட்டினேன். அப்படியே எண்ணெய்க் குப்பியைப் பிரேக் பட்டைக்குக் கொண்டுபோனேன்.

தோட்டக்காரர் பதறிவிட்டார். “இன்னா சார் பண்றீங்க? பிரேக்குக்கு எண்ணெ வுடுவாங்களா? கத்திகினு கெடக்கட்டும் சார். கத்துனாதான் புடிக்குதுன்னு அர்த்தம்.”

“புக்கு நீ படிச்சியா, நான் படிச்சேனா?”

பிரேக்கில் எண்ணெய் படக் கூடாது என்று அந்தப் புத்தகத்தில் கட்டம் கட்டிப் போட்டிருந்தது. அதையும் படித்திருந்தேன். ஆனால் கையெழுத்துப் போடப்போகிறவர் சத்தம் கூடாது என்கிறார். நாலே சொட்டு விட்டேன். வண்டி ஊமையானது.

மறுநாள் சந்தனம், குங்குமம், மாலை, சக்கரத்துக்கு ஒன்றாக நான்கு எலுமிச்சம்பழம். மேனேஜர் ஏறி உட்கார்ந்தார். பழங்கள் நசுங்கின. எல்லோரும் கைதட்டினோம். அந்த வண்டியில் கிளட்சுக்கும் பிரேக்குக்கும் ஒரே பெடல்; சரிவு வந்ததும் அவர் அதை மிதித்தார். இஞ்சின் சக்கரத்தை விட்டது, பிரேக் பிடிக்கவில்லை. சத்தமே இல்லாமல், அவர் கேட்டபடியே, வண்டி சரிவில் உருண்டு பொரியும் சுண்டலும் வைத்திருந்த மேஜையில் போய் நின்றது. அடி ஒன்றும் இல்லை. மூக்குக் கண்ணாடியில் சுண்டல்.

“என்னடா பண்ணி வெச்சே வண்டிய?” தோட்டக்காரரைப் பார்த்துத்தான் கத்தினார்.

தோட்டக்காரர் என்னைப் பார்த்தார். என் உத்தரவு விஷயம் அவருக்கும் தெரியும். நான் திருஷ்டி கழித்து உடைத்திருந்த பூசணிக்காயைக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். “நான் ஒண்ணும் பண்ணல சார்” என்றார். எண்ணெய் விட்டது யார் என்று அவர் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. இனி வண்டியில் ஏறக் கூடாது என்று அவரை அரிவாளோடு புல்வெட்ட அனுப்பினார்கள்.

அந்த வாரமே கையெழுத்து வந்தது. நான் பட்டையைக் கழற்றி, பெட்ரோலில் கழுவி, உப்புத்தாளால் தேய்த்து மாட்டினேன். பிரேக் பிடித்தது, பழையபடி கத்தியது. ஓட்டிக் காட்டச் சொன்ன மேனேஜர் முகம் சுளித்தார். “மறுபடியும் கத்துதே?”

“கத்தட்டும் சார். கத்தினாதான் பிடிக்குதுன்னு அர்த்தம்.”

“இதுக்குத்தான் விஷயம் தெரிஞ்ச ஆள் வேணுங்கறது” என்று என் தோளில் தட்டினார்.

பத்தடி தள்ளிக் குந்தியிருந்த தோட்டக்காரரின் அரிவாள் ஒரு நொடி நின்றது. அவர் தலையைத் தூக்கவில்லை. வெட்கத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. பாராட்டில் உருகிவிட்டேன் என்று நினைத்து மேனேஜர் இன்னொரு முறை தட்டினார்.