மழுங்கியதும் மழுக்கியதும்

தொழிற்சாலை கேன்டீனில் அவளை எல்லோரும் ‘மிஷின்’ என்றுதான் கூப்பிடுவார்கள். வயதில் சின்னவர்கள் மரியாதைக்கு ஒரு ‘அக்கா’ சேர்த்துக்கொள்வார்கள். வெங்காய மூட்டையை அவள் முன்னால் கொட்டிவிட்டு டீ குடித்துத் திரும்பினால் பாதி மூட்டை அரிந்து கிடக்கும். காய் வெட்டும் மேசைக்கு அவள்தான் ராணி என்றால் சமையல்காரர்களுக்குக் கோபம் வரும், ஆனால் மறுக்க மாட்டார்கள்.

அந்த ராணிக்குத்தான் இப்போது கஷ்டகாலம். சில மாதங்களாக அவள் வெட்டும் தக்காளி நசுங்கியது, வெங்காயம் பிய்ந்தது. மேற்பார்வையாளர் நல்ல மனிதர். நல்ல மனிதர்கள் கெட்ட செய்தி சொல்லும்போது முகத்தைப் பார்ப்பதில்லை. மாதக் கடைசிக்குள் சரியாகாவிட்டால் பாத்திரம் கழுவும் பக்கம் மாற்றிவிடுவேன் என்று சுவரைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனார். சம்பளம் குறையாது. ஆனாலும் அந்த மேசையை விட்டுப் போவதை நினைத்தாலே அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

குற்றம் கத்தியில்தான், அதில் அவளுக்குச் சந்தேகமில்லை. கேன்டீன் கத்தியை அவள் தொடமாட்டாள். சொந்தக் கத்தி வைத்திருந்தாள், வாராவாரம் கணவர் அதைக் கல்லில் தீட்டிக் கொடுப்பார். அவர் லாரி ஓட்டுபவர். லீவு கிடைத்தால் லைசென்ஸோடு காட்டுப்பன்றி வேட்டைக்குப் போவார். கத்தி விஷயத்தில் அவரிடம் நாலு பேர் யோசனை கேட்பார்கள். அப்படிப்பட்டவரிடம் ‘உங்க கை பழைய மாதிரி இல்ல’ என்று எந்த வாயால் சொல்வது? அவருக்கு வயதாகிவிட்டது, பிடி தளர்ந்துவிட்டது என்று அவளே முடிவு கட்டிக்கொண்டாள். இரண்டு பேர் கத்திக்கும் பொருந்துகிற மாதிரி தீட்டும் சாதனம் ஒன்றை வாங்கி வைத்துவிட்டால் பேச்சே எழாது என்று கணக்குப் போட்டாள்.

அவர் தூங்கிக்கொண்டிருந்த ஒரு மதியம், தன் கத்தியையும் அவருடைய வேட்டைக் கத்தியையும் பழைய துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு பஸ் ஏறினாள். மடியில் என்ன இருக்கிறது என்று தெரிந்திருந்தால் பக்கத்து சீட்டுக்காரர் நடுவழியிலேயே இறங்கியிருப்பார்.

கத்திக் கடைக்காரர் தீட்டும் சாதனங்களில் மூன்றை எடுத்து வைத்தார். பிளவுக்குள் கத்தியை விட்டு இழுக்கிற முதல் வகை சுலபம்தான், ஆனால் இரும்பைத் தின்றுவிடும் என்றார். கரண்டில் ஓடும் இரண்டாவது, கவனம் தப்பினால் மெல்லிய கத்தியைச் சூடாக்கிக் கெடுத்துவிடுமாம். மூன்றாவது, சாய்வை மாற்றி வைத்துத் தீட்டும் கல். வேட்டைக் கத்தி எலும்பில் படும், அதற்கு விளிம்பு தடியாக வேண்டும். காய்கறிக் கத்திக்கு மெல்லியதாக வேண்டும். இரண்டும் உள்ள வீட்டுக்கு மூன்றாவதுதான் சரி என்றார். அவளுக்கும் அதுதான் பிடித்தது. கட்டித் தரச் சொன்னாள்.

எந்தச் சாய்வில் வைப்பது என்று காட்டுவதற்காக அவர் துண்டைப் பிரித்தார். வேட்டைக் கத்தியை முன்கையில் லேசாக ஓட்டினார், முடி சுத்தமாக மழிந்து வந்தது. அவள் கத்தியைக் காகிதத்தில் வைத்து இழுத்தார், காகிதம் கசங்கியது. அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“ரெண்டையும் ஒருத்தரா தீட்டறாரு?”

“ஆமா, எங்க வீட்டுக்காரர்தான்.”

“அக்கா, இது மழுங்கினது இல்ல. மழுக்கினது.”

ஓர் எழுத்துதான் வித்தியாசம். அந்த ஓர் எழுத்துக்குள் ஓர் ஆள் வந்து நின்றுவிட்டார். வேலை செய்து தேய்ந்த கத்தி அங்கங்கே தேய்ந்திருக்கும் என்றும், இதைக் கல்லில் செங்குத்தாக நிறுத்தி முனையிலிருந்து அடிவரை ஒரே சீராகத் தேய்த்திருக்கிறார்கள் என்றும் கடைக்காரர் விளக்கினார். பஸ்ஸில் திரும்பும்போது கல்யாணம் ஆன நாளிலிருந்து போட்ட சண்டைகளையெல்லாம் அவள் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். வீடு வந்து சேர்ந்தபோது உடம்பு கொதித்தது.

அவர் துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தார். அவள் கத்தியை மேசையில் வைத்தாள்.

“என் கத்தியை மழுக்கினீங்களா?”

அவர் மறுக்கவில்லை. சட்டையை மடித்து முடித்துவிட்டுத்தான் பேசினார்.

“அன்னிக்கு பீட்ரூட் நறுக்கினியே. பலகையெல்லாம் சிவப்பா ஓடுது, நீ பாட்டுக்குச் சிரிச்சுப் பேசிட்டிருக்க. அது பாதி உன் ரத்தம். வலிக்கலையான்னு கேட்டா, என்ன வலின்னு என்னையே திருப்பிக் கேட்ட.”

டாக்டரிடம் போகலாம் என்று இரண்டு தடவை சொன்னாராம், இரண்டு தடவையும் அவள் பேச்சை மாற்றினாளாம். பொய்யில்லை. இடது கை விரல்கள் மரத்துப்போவது அவளுக்கும் தெரியும். ஃபிரிட்ஜ் காயைத் தொட்டுத் தொட்டு வந்தது என்று விட்டுவிட்டாள்.

“மழுங்கின கத்திதான் கையை வெட்டும்னு உங்க கூட்டாளிங்களுக்கெல்லாம் பாடம் எடுப்பீங்களே. பொண்டாட்டின்னதும் மறந்துபோச்சா?”

“பயத்துல மறந்துபோச்சு,” என்றார்.

அவளுக்குக் கோபம் பாதி இறங்கியது, வீம்பு இறங்கவில்லை. விரலில் ஒன்றும் கிடையாது, வேண்டுமானால் சோதித்துப் பாருங்கள் என்று இடது கையை மேசையில் விரித்து வைத்து, கண்ணை மூடிக்கொண்டாள். காத்திருந்தாள்.

“ம், அழுத்துங்க.”

“அழுத்திக்கிட்டுதான் இருக்கேன்.”

கண்ணைத் திறந்தாள். அவருடைய கட்டைவிரலுக்கு அடியில் அவள் ஆள்காட்டி விரல் வெளுத்துப் போயிருந்தது. கேன்டீன் மேசையும் மேற்பார்வையாளரும் அந்த நிமிஷம் அவள் நினைவில் இல்லை. அவளுக்குப் பயமாக இருந்தது.

“ஆஸ்பத்திரி காலையில எத்தனை மணிக்குத் திறப்பாங்க?” என்று கேட்டாள்.