கடல் ரூம் கதவுல தொங்கின போர்டு

இது சத்தியமா நடந்த கதை. ஒரு சொட்டுப் பொய் கிடையாது. சரி சரி, முறைக்காதீங்க, ஒரு குடம் இருக்கும். நான் நூறு கட்டில்னு சொன்னா நீங்க முப்பத்தெட்டுனு எடுத்துக்கங்க. ஆனா எங்க அண்ணி விஷயத்துல அந்த ஒரு குடமும் பத்தாது. அதோ, மூலையில தலையணை உறை தச்சுக்கிட்டு இருக்காங்களே, அவங்கதான். இன்னைக்கு அவங்களுக்கு லீவு. அதான் வேலைய வீட்டுக்கே தூக்கிட்டு வந்துட்டாங்க.

பக்கத்து வீட்டு டைலரக்கா, உங்களுக்காகத்தான் முதல்லேருந்து சொல்றேன். கடலோரத்துல ஒரு பெரிய வீடு இருக்கு. பொறந்த நாள், கல்யாண நாள்னு கூட்டங்கூட்டமா வந்து தங்கி ஆடிட்டுப் போவாங்க. பதினாலு ரூம். அண்ணி அங்க பத்தொன்பது வருஷமா ரூம் வேலை. நான் வாரத்துக்கு ஒரு தடவை தண்ணி மோட்டார் பாக்கப் போவேன். பதினோரு மணிக்கு ஒரு கூட்டம் கிளம்பும், மூணு மணிக்கு அடுத்தது வந்து எறங்கும். நடுவுல அண்ணி முப்பத்தெட்டு கட்டிலுக்கும் விரிப்பு மாத்தணும். கூரையில ஒட்டின பலூனைக் குச்சியால குத்தணும். திரைச்சீலையில கேக் அப்பியிருக்கும், பாத்ரூம் குழாய்க்குள்ள ஜிகினா அடைச்சிருக்கும். மெத்தைய உதறினா கொட்டுற மணல்ல ஒரு மாடி கட்டலாம். "கடல் எப்படி இருக்கு அண்ணி?"னு கேட்டா, "அது மணல் சப்ளை பண்ற கம்பெனி"ம்பாங்க.

அண்ணிகிட்ட ரெண்டு சட்டம். விரிச்ச கட்டில்ல யாரும் உக்காரக் கூடாது. கதவுல "தொந்தரவு செய்யாதீர்கள்" போர்டு தொங்கினா, உள்ள யாரா இருந்தாலும் தட்டக் கூடாது. லீவு நாள்ல அங்க வேலைக்குப் போற அண்ணன் பொண்ணு கூட, கடலே ஏறி வந்தாலும் போர்டு தொங்குற கதவத் தட்டமாட்டா.

போன மாசம் முதலாளியம்மா மனசு எறங்கி, "கூட்டம் இல்லாத செவ்வாய்க்கிழமை வீடு உனக்கு. பதினோரு மணிக்கு வந்து மறுநாள் பதினோரு மணிக்குப் போங்க"ன்னாங்க. அண்ணி ஆசைப்பட்டது ஒண்ணே ஒண்ணு. மாடியில கடல் ரூம் பால்கனி, அதுல ஒரு நாற்காலி, ஒரு டீ. "நான் போடாத டீ. உக்காந்துக்கிட்டு, கடலப் பாத்துக்கிட்டு." மூணு வாரமா தூக்கத்துல கூட அதேதான் சொன்னாங்களாம், அண்ணன் சொன்னாரு.

அஞ்சு பேர் போனோம். அண்ணன், அண்ணி, அவங்க அக்கா, பொண்ணு, நான். அண்ணன் டீ போட அடுப்படிக்குப் போனாரு. அண்ணி கடல் ரூம் கட்டில் ஓரத்துல, பத்தொன்பது வருஷத்துல முதல் தடவையா, சும்மா உக்காந்து பாத்தாங்க. அவ்வளவுதான். சாக்கு மூட்டை மாதிரி சாஞ்சுட்டாங்க. கொறட்டையில கப்பலே திசை மாறிப் போச்சு.

அண்ணன் டீயோட மாடியேறினா, கதவுல போர்டு. வாசல்லயே வச்சுட்டு எறங்கிட்டாரு. சாயங்காலம் ஒரு டீ, மறுநாள் காலையில ஒரு டீ. எல்லாம் வாசல்லயே ஆறிப் போச்சு. பத்தே முக்காலுக்கு அண்ணி எழுந்தாங்க. கடிகாரத்தப் பாத்தாங்க. "மூணு மணிக்கு ஆளு வருது"னு படுத்திருந்த விரிப்பையே உருவ ஆரம்பிச்சுட்டாங்க. பால்கனிப் பக்கம் திரும்பவே இல்ல. ஆறின டீ மூணையும் தூக்கிட்டுப் போய் அவங்களே கழுவி வச்சாங்க.

"அய்யோ, ஒருத்தர் கூடவா எழுப்பல?"ன்னு டைலரக்கா கேட்டாங்க.

"எப்படி எழுப்புறது?"ன்னா பொண்ணு. "அம்மாவே போர்டு மாட்டியிருந்தாங்களே!"

"அண்ணி எங்க மாட்டினாங்க, அவங்கதான் விழுந்த இடத்துலயே கிடந்தாங்களே. நான்தான் பத்து நிமிஷ விளையாட்டுக்கு மாட்டிட்டு..."

நாக்கைக் கடிச்சேன். கடிச்சு என்ன பண்ண?

ஊசி நின்னுச்சு. "நீயா மாட்டின?"ன்னாங்க அண்ணி. சத்தமா கூட இல்ல. "உங்க அண்ணன்தான் பாவம்னு பாத்து மாட்டினாருன்னு நெனச்சேனே."

"இல்ல அண்ணி, எடுத்துடலாம்னுதான் இருந்தேன். கடல்ல எறங்கினேனா, அப்படியே மறந்து..."

"மறந்தானாம்! மூணு டீ போட்டேன்டா நான்!"ன்னு அண்ணன் எழுந்தாரு.

"பெருசா டீ போட்டீங்களாக்கும். பொண்டாட்டி உசுரோட இருக்காளான்னு கதவைத் தள்ளிப் பாத்தீங்களா?"ன்னு அண்ணியோட அக்கா அவர் மேல பாய்ஞ்சாங்க.

"நீங்க மட்டும் என்ன பெரியம்மா, அந்தப் பால்கனி நாற்காலியில நீங்க போய் உக்காரலாமான்னு கீழேருந்து பாத்துக்கிட்டே இருந்தீங்க!"ன்னா பொண்ணு.

"யாருடீ பாத்தா? நீதான் படியில உக்காந்து போனை நோண்டிக்கிட்டு..."

"போர்டுனு இருந்தா தட்டக் கூடாதுன்னு சொல்லிக் குடுத்தது யாரு? அம்மாதானே!"

"அவ மேலயே பழியா?"

"எல்லாத்துக்கும் இவன்தான் காரணம், எங்க போறான் பாரு, புடிங்க அவனை..."